செம்மணலைப் படித்த தம்பதியர்

சிலாபம் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், தென்னந்தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே அமைந்துள்ள முன்னேஸ்வரம், இலங்கையின் ஈர நிலம் முடிந்து வரண்ட நிலம் தொடங்கும் இடைப்பட்ட வலயத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து வடக்கே தெதுறு ஓயாவைக் கடந்து புத்தளம் வீதியில் செல்லச் செல்லத் தென்னை ஐதாகி, முட்புதரும் உப்பளமும் வெளிறிய மணலும் கண்ணில் படத் தொடங்குகின்றன. புத்தளத்துக்கு அப்பால் வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் ஆகிய இடங்களைத் தாண்டிக் கலா ஓயாவின் மறுகரையிலுள்ள வில்பத்து வனத்துக்குள் நுழைந்து பொம்பரிப்பையும் குதிரைமலை முனையையும் அடையும்போது மண்ணின் நிறம் முற்றாக மாறிச் செங்கல் தூளைப் போலாகிவிடுகிறது. இந்த மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் சிவப்புப் படியும். மழை பெய்தால் சிறிது நேரத்தில் நீரெல்லாம் உள்ளிறங்கி மேற்பரப்பு மறுபடியும் காய்ந்துவிடும்.

புவியியலாளரின் கண்டிப்பான வரையறையின்படி இது பாலைவனம் அன்று. இலங்கையின் வடமேற்கிலும் தென்கிழக்கிலும் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கும் கரையோரப் பட்டைகளை 'மிக வரண்ட வலயம்' என்று குறிப்பது வழக்கம். இராசத்தானின் தார் பாலைவனத்திலோ பல இடங்களில் அதன் ஐந்தில் ஒரு பங்கு மழைகூடப் பெய்வதில்லை. எனினும் தமிழ் இலக்கண மரபு பாலை என்ற திணையை வரையறுத்த முறையை எண்ணிப் பார்த்தால் இந்தக் கரையோரமும் அதனுள் அடங்கக் கூடும். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகத் திரிகின்றன என்பதும் சிலப்பதிகாரக் காலத்துக்குள் நிலைபெற்றுவிட்ட கருத்துகள். அந்தத் திணைக்குரிய நிகழ்ச்சிகளுள் ஒன்று உடன்போக்கு, அதாவது தலைவனும் தலைவியும் சேர்ந்து வரண்ட வழியைக் கடத்தல். ஆணும் பெண்ணுமாக வரண்ட நிலத்தில் நடந்து செல்வதைத் தமிழ்க் கவிதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தனக்குரிய பொருளாக்கிக்கொண்டது.

முன்னேஸ்வரத்தின் தலபுராணமும் ஒரு தம்பதியரின் பயணக் கதையே. இராவணனைக் கொன்ற பின் சீதையுடன் புட்பக விமானத்தில் திரும்பிய இராமனைப் பிரமகத்தி, அதாவது அந்தணனைக் கொன்றதால் வந்த பாவம், தொடர்ந்தது என்றும், முன்னேஸ்வரத்தின் மேலே வந்தபோது அது விலகியதை உணர்ந்து அவன் இறங்கி வழிபட்டான் என்றும், மானாவரி, திருக்கோணேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், இராமேஸ்வரம் ஆகிய நான்கு இடங்களில் இலிங்கம் நிறுவுமாறு சிவன் அவனைப் பணித்தார் என்றும் அக்கதை கூறுகிறது. தெதுறு ஓயாவின் அருகே உள்ள மானாவரியில் இருப்பது மணலால் ஆன இலிங்கம் என்றே ஊரார் கூறுவர். இராமேஸ்வரத்தில் சீதை கைகளால் மணலைப் பிடித்து இலிங்கம் அமைத்தாள் என்பதும் பரவலாக அறியப்பட்ட மரபு. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் உள்ள மணலை ஒரே பயணத்தின் தடமாகக் காணும் எண்ணம் இந்தப் பகுதி மக்களிடம் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. 20ஆம் நூற்றாண்டில் அதே இரு கரைகளின் மணலையும் வேறொரு நோக்கில் இணைத்துப் பார்த்தவர்களுள் ஒரு தம்பதியர் உண்டு. தொல்லியலாளர்களான ரேமண்ட் ஆல்சின், பிரிட்ஜெட் ஆல்சின் ஆகியோரே அவர்கள்.

இருவரும் வெவ்வேறு வழிகளில் இத்துறைக்கு வந்து சேர்ந்தவர்கள். 1923இல் இலண்டனை அடுத்த ஹரோவில் பிறந்த ரேமண்ட் கட்டடக்கலை பயின்றவர். இரண்டாம் உலகப் போரின்போது படைத்துறையின் சமிக்ஞைப் பிரிவில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது அந்நாட்டின்மீது கொண்ட ஈடுபாடு காரணமாகப் போருக்குப் பின் இலண்டனில் இந்தியும் சமற்கிருதமும் கற்றார். பின்னாளில் துளசிதாசரின் கவிதாவலி, விநய பத்திரிகை ஆகிய நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. 1927இல் ஒக்ஸ்போர்டில் பிறந்த பிரிட்ஜெட், போருக்குப் பின் பெற்றோருடன் தென்னாபிரிக்கப் பகுதிக்குச் சென்று, இன்று லெசோத்தோ எனப்படும் பசுத்தோலாந்தில் வாழ்ந்து, அம்மக்களின் மொழியைக் கற்று, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மானிடவியலும் தொல்லியலும் பயின்றவர். கற்கருவிகளைப் பார்க்கும் பயிற்சியை அங்கேயே பெற்றார். 1950இல் இலண்டன் தொல்லியல் நிறுவகத்துக்கு ஆய்வு மாணவியாக வந்த அவர் அங்கு ரேமண்டைச் சந்தித்தார். 1951 மார்ச்சில் அவர்கள் திருமணம் செய்துகொண்டனர்.

அதே ஆண்டு அவர்கள் புறப்பட்ட பயணமே அவர்களின் வாழ்வைத் தீர்மானித்தது. ரேமண்டின் ஆசிரியரான கொட்ரிங்டனுடன் ஆப்கானித்தானின் பாமியான் பள்ளத்தாக்கை அடைந்து, அங்குச் செந்நிறப் பாறைமேட்டில் இடிந்து நிற்கும் ஷகர்-இ-சோகாக் என்ற கோட்டை நகரை அளவிட்ட பின், அவர்கள் தெற்கே இறங்கி இந்தியத் துணைக்கண்டத்தைக் கடந்து தக்காணம் வரை வந்தனர். அந்தப் பயணத்தின் நினைவுகள் 'ஒக்சசிலிருந்து மைசூர் வரை, 1951' என்ற பொருள்படும் தலைப்பில் 2012இல், ரேமண்ட் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, நூலாக வெளிவந்தன. புதுமணத் தம்பதியர் மலைவாசத்தலங்களை நாடிய காலத்தில் இவ்விருவரும் தேர்ந்தெடுத்தது தூசியும் வெயிலும் நிறைந்த வழியை என்பதைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை.

தக்காணத்தில் அவர்கள் நின்று ஆராய்ந்த நிலம் கிருஷ்ணா, துங்கபத்திரை ஆறுகளுக்கு இடைப்பட்ட இராய்ச்சூர்ப் பகுதி. மழை குறைந்த, கருங்கற் குன்றுகள் நிறைந்த மேய்ச்சல் நிலம் அது. 1952இல் முத்கல் அருகேயுள்ள பிக்லிஹாலிலும், 1957இல் அன்றைய மகபூப்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த உட்னூரிலும் ரேமண்ட் அகழ்ந்தார். உட்னூரில் இருந்தது ஒரு சாம்பல்மேடு. சாம்பல்மேடு என்பது தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள், அதாவது உழவும் கால்நடை வளர்ப்பும் அறிந்து கல்லைத் தீட்டிக் கருவி செய்தோர், விட்டுச்சென்ற பெரும் சாம்பற் குவியல். அது எரிமலைச் சாம்பலா, உலோகம் உருக்கிய கழிவா, எரிந்த சாணமா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. சாணமே என்ற இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் பழைய கருத்தை உட்னூர் அகழ்வும் ஆய்வுக்கூடச் சோதனையும் உறுதிப்படுத்தின. மாடுகளை அடைத்த பட்டியைச் சுற்றி நட்ட மரத்தூண்களின் குழிகளும், அடுக்கடுக்காக எரிந்த சாணமும், அந்தச் சாம்பல் அடுக்குகளுக்கு இடையே பதிந்து அப்படியே நின்றுவிட்ட மாட்டுக் குளம்புச் சுவடுகளும் அங்கே வெளிப்பட்டன. நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாளில் நடந்த மாட்டின் கால் அளவைத் தரையில் பார்த்து அளக்க முடிந்தது.

1963இல் வெளிவந்த நூலில் ரேமண்ட் இந்த எரிப்பை வெறும் விபத்தாகவோ பகைவர் செயலாகவோ மட்டும் கொள்ளாமல், பருவம் மாறும் காலத்தில் மாடுகளைத் தீயினூடே ஓட்டும் சடங்குகளோடும் பொங்கல், ஹோலி போன்ற விழாக்களோடும் ஒப்பிட்டார். மாட்டுப் பொங்கலைக் கொண்டாடும் எவருக்கும் இந்த ஒப்பீடு உடனே பிடித்துப்போகும். அதனாலேயே சற்று எச்சரிக்கையும் தேவை. இன்றைய விழாவிலிருந்து நான்காயிரம் ஆண்டு பின்னோக்கிப் பாயும் வாதம் கவர்ச்சியானது, ஆனால் இடைப்பட்ட காலத்துக்குச் சான்று தராதது. எரிந்தது சாணம் என்பது உறுதி. ஏன் எரித்தனர் என்பது இன்றும் கருத்துநிலையிலேயே உள்ளது.

மணலுக்கு வந்தால், அங்கே முன்னிற்பவர் பிரிட்ஜெட். தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையோரத்தில் திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரந்து கிடக்கும் சிவந்த மணல்மேடுகளைத் தேரி என்று அழைப்பர். கடற்கரையிலிருந்து காற்று அள்ளிவந்து குவித்த மணல், பின்னர் ஈரமான காலத்தில் செடிகொடிகளால் பிணைக்கப்பட்டு நிலைத்து, அதிலுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் சிதைந்து மணிகளின்மேல் துருவாகப் பூசப்பட்டதால் சிவந்தது. இந்தத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஃபிரெடெரிக் சொய்னரும் பிரிட்ஜெட்டும் 1956இல் விரிவாக ஆராய்ந்து எழுதினர். நுண்கற்கருவி என்பது விரல் நகத்தளவு முதல் சில சென்ரிமீற்றர் வரையான சிறு கல். பிறை, முக்கோணம், கூர்முனை எனப் பல வடிவங்களில் செதுக்கி, மரத்திலோ எலும்பிலோ பதித்து அம்பாகவும் கத்தியாகவும் பயன்படுத்தப்பட்டது. மணல்மேடு உருவானபோது கடல் மட்டம் இன்றைக்கு மேல் எவ்வளவு இருந்தது என்பதிலிருந்து அக்கருவிகளுக்கு ஏறத்தாழ கி.மு. 4000 என்ற காலத்தை அவர்கள் தற்காலிகமாகக் கணித்தனர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958இல், இலங்கையின் பிற்காலக் கற்காலம் பற்றிப் பிரிட்ஜெட் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. மலைநாட்டின் பண்டாரவளை முதலிய இடங்களில் சேகரிக்கப்பட்ட படிகக்கல் கருவிகளுக்கும் தேரிக் கருவிகளுக்கும் இடையிலான ஒற்றுமைகளை அவர் எடுத்துக்காட்டினார். கடல் மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்த பனிக்காலத்தில் பாக்கு நீரிணை தரையாக இருந்தது என்பதையும், அந்தத் தரைப்பாலம் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் முற்றாக மூழ்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தூத்துக்குடிச் செம்மணலும் புத்தளம், மன்னார்ச் செம்மணலும் ஒரே வேட்டைக்கார மக்களின் நடமாட்டத்துக்கு உட்பட்டிருக்கக் கூடும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் கால அளவில் அவரது கணிப்பைப் பின்வந்த ஆய்வுகள் பெரிதும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. களுத்துறை மாவட்டத்தின் பாகியன் குகையில் நுண்கற்கருவிகள் 45,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட அடுக்குகளில் கிடைத்துள்ளன. இலங்கையின் செம்மணலை 'இரணைமடுப் படிவு' என்ற பெயரில் வகைப்படுத்திய சிரான் தெரணியகல, தெற்கே பூந்தல அருகிலான பத்திராஜவெலவில் அம்மணலின் அடியிலுள்ள பரல் அடுக்கில் கிடைத்த கருவிகளுக்கு ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கும் மேலான வயதைக் காட்டினார். பிரிட்ஜெட்டின் ஆண்டுக் கணக்கு விலகிப்போனாலும், மணல்மேட்டின் வயதை அறிந்தால் கருவியின் வயதை அறியலாம் என்ற அவரது அணுகுமுறை விலகிப்போகவில்லை. அதையே தெரணியகலவும் பின்பற்றினார்.

அந்த அணுகுமுறை முழு வடிவம் பெற்றது தார் பாலைவனத்தில். ஏறத்தாழ 2 இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்பில் இந்தியாவிலும் பாக்கித்தானிலுமாக விரிந்த அந்த மணற்பரப்பில், புவியியலாளர் அண்ட்ரூ கௌடி, பரோடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கருணாகர ஹெக்டே ஆகியோருடன் பிரிட்ஜெட் 1970களில் களப்பணி செய்தார். அஜ்மீர் அருகே புஷ்கருக்கு அண்மையிலுள்ள பூடா புஷ்கர் என்ற சிறு ஏரிப் படுகை அவர்களுக்கு ஒரு திறவுகோலாக அமைந்தது. அங்கு இடைப் பழைய கற்காலக் கருவிகள் செம்பழுப்பு மண்ணோடும், அதற்குப் பிற்பட்டவை மணல்மேட்டோடும், நுண்கற்கருவிகள் அதன் மேற்பரப்பிலும் கிடைத்தன. செம்பழுப்பு மண் ஈரமான காலத்தில்தான் உருவாகும். எனவே இடைப் பழைய கற்கால மனிதர் அங்கு வாழ்ந்தபோது அது பாலைவனமாக இருக்கவில்லை. அதன் பின் கடும் வரட்சி வந்து மணல் இன்றைய எல்லையையும் தாண்டிக் குஜராத் வரை பரவியது. பிறகு மழை மீண்டு மேடுகள் செடிகளால் நிலைபெற்றபோது நுண்கற்கருவி மக்கள் அவற்றின்மேல் குடியேறினர். கௌடி, ஹெக்டே ஆகியோருடன் அவர் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தது. அதன் சாரத்தைப் பழைய திணைக் கோட்பாட்டின் சொற்களில் கூறினால், தார் என்பது நிலையான பாலை அன்று, பல முறை முல்லையாகவும் பாலையாகவும் மாறி மாறித் திரிந்த நிலம்.

சிந்துப் பகுதியில் ரோரி, சுக்கூர் நகரங்களை ஒட்டிய சுண்ணக்கற் குன்றுகள் இதைவிடவும் கண்ணுக்கு நெருக்கமான சான்றை வைத்திருந்தன. அக்குன்றுகளின் உச்சியில் தீக்கல் முடிச்சுகள் தரையெங்கும் கிடக்கின்றன. பழைய கற்காலத்திலிருந்து அரப்பா நாகரிகக் காலம் வரை மக்கள் அங்கு வந்து கருவிகள் செய்தனர். அரப்பாக் காலத் தொழிலாளர் முன்னையோரின் கழிவுகளை ஒதுக்கிச் சிறு இடத்தைத் துப்புரவாக்கி, அதில் சம்மணமிட்டு அமர்ந்து வேலை செய்திருக்கின்றனர். அவர்கள் அமர்ந்த வெற்றிடமும், அதைச் சூழ்ந்து சிதறிய கற்சில்லுகளும், தேய்ந்த கல்லுருளைகளும் விட்ட நிலையிலேயே இருந்ததைப் பிரிட்ஜெட் பதிவு செய்தார். மழையும் உழவும் குடியிருப்பும் இல்லாத வரண்ட நிலமே இத்தகைய சான்றைக் காக்க வல்லது. ஈர நிலத்தில் இது ஒரு பருவ மழையைக்கூடத் தாங்கியிராது.

இருவரும் சேர்ந்து எழுதிய 'இந்திய நாகரிகத்தின் பிறப்பு' என்ற பொருள்படும் நூல் 1968இலும், அதன் விரிந்த மறுவடிவம் எனத்தக்க நூல் 1982இலும் வந்தன. தெற்காசியத் தொல்லியலைப் படித்த இரண்டு தலைமுறை மாணவர் இவற்றைப் பாடநூலாகக் கொண்டனர். ரேமண்ட் 1959 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். அதற்கு நிகரான நிலையான ஆசிரியப் பதவி பிரிட்ஜெட்டுக்கு வாய்க்கவில்லை. தம்பதியரைப் பற்றிப் பேசும்போது ரேமண்டை முதன்மைப்படுத்தி, பிரிட்ஜெட்டை உடன் சென்றவராகக் குறிப்பிடும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. பாலைவனத்தைப் பொறுத்தவரை அந்த வரிசை தலைகீழானது. தார் பற்றிய நூலின் அட்டையில் முதற்பெயர் பிரிட்ஜெட்டுடையது, ரேமண்டின் பெயர் அதில் இல்லை. உடன்போக்குப் பாடல்களில் வழி அறிந்தவன் எப்போதும் தலைவனே என்ற எதிர்பார்ப்பை இந்த மணல்வெளிப் பயணங்கள் பொய்யாக்கின என்று சொல்வதில் மிகை இல்லை.

இலங்கைக்கு ரேமண்ட் ஆற்றிய முக்கியப் பணி அவரது கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. அநுராதபுரத்தின் உட்கோட்டைப் பகுதியில், சல்காவத்தை என்ற இடத்தில், தெரணியகலவோடும் இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தோடும் இணைந்து 1989இல் தொடங்கிய அகழ்வில் அவர் பங்குகொண்டார். களத்தில் பணியை நடத்தியவர் அவருடைய மாணவர் ரொபின் கொனிங்ஹம். ஏறத்தாழ 10 மீற்றர் ஆழம் வரை இறங்கிய அந்தக் குழியில் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டுகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்குரிய அடுக்குகளில் கிடைத்தன. அசோகனின் கல்வெட்டுகளுக்கு முன்பே எழுத்து வழக்கில் இருந்தது என்ற வாதத்துக்கு இது வலுவூட்டியது. கொடுமணல், பொருந்தல் போன்ற தமிழகக் களங்களின் சான்றுகளோடு சேர்த்து இது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

இந்த அகழ்வுக்களத்திலிருந்து மேற்கே கடலை நோக்கி வந்தால் எதிர்ப்படுவது மீண்டும் புத்தளம் மாவட்டத்தின் செம்மணல். பொம்பரிப்பில் 1920களில் ஹோகார்ட்டும், 1970இல் விமலா பெக்லி உள்ளிட்ட குழுவினரும் அகழ்ந்த தாழிக்காடு, அதாவது இறந்தோரின் எலும்புகளைப் பெரிய மட்பாண்டங்களில் இட்டுப் புதைத்த இடுகாடு, ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடப்பட்டு வந்துள்ளது. தேரியின் நுண்கற்கருவிக்கும் ஆதிச்சநல்லூரின் தாழிக்கும் வளைகுடாவின் மறுகரையில் இணை கிடைக்கும் பகுதி இதுவாகவே இருந்தும், முதலாவதைத் தேடி நடந்தவர்கள் இரண்டாவதைத் தேடியவர்களைவிடக் குறைவு. தாழி கண்ணுக்குத் தெரியும், அருங்காட்சியகத்தில் வைக்கலாம். விரல் நகத்தளவுப் படிகக்கல்லை எடுப்பவர் பெரும்பாலும் வீசிவிடுவார்.

வண்ணாத்திவில்லுவை அடுத்த அருவாக்காட்டில் பல்லாண்டுகளாகச் சீமெந்துக்குச் சுண்ணக்கல் அகழப்படுகிறது. கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் நிறைந்த அந்த மயோசீன் காலச் சுண்ணக்கல்லின்மேல் செம்மண் போர்வையாகக் கிடப்பதால், கல்லை எடுக்க முதலில் அகற்றப்படுவது அந்த மண்ணே. வேறு இடங்களில் கிணறு வெட்டும்போதும் மரமுந்திரிகைத் தோட்டம் திருத்தும்போதும் வீதிக்கு மண் எடுக்கும்போதும் அதே மணல் கிளறப்படுகிறது. பூடா புஷ்கரில் நடந்ததுபோல் இங்கும் ஒரு கற்சில்லு எந்த அடுக்கில், சிவந்த மணலுக்கு அடியிலா, உள்ளேயா, மேலேயா கிடந்தது என்பதே அதன் முழுப் பொருளையும் தாங்கி நிற்கிறது. எடுத்துச் சட்டைப்பையில் போட்ட கணமே அந்தச் செய்தி அழிந்துவிடும். புத்தளம், சிலாபம், கற்பிட்டிப் பகுதிகளில் நிலம் வைத்திருப்போரும் வெட்டுவேலை செய்வோரும், பாடசாலைகளில் வரலாறும் புவியியலும் கற்பிப்போரும் செம்மணலில் கூரிய விளிம்புள்ள வெண்மையான படிகக்கற் சில்லுகளோ கறுத்த தடித்த பானையோடுகளோ தென்பட்டால், அவற்றை எடுக்காமல், இருந்த ஆழமும் இடமும் தெரியும்படி அளவுகோலுடன் படம் பிடித்துத் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றித் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றமாகும்.